காற்று அளந்த இடத்தில் கற்பூரம்

போன தவணை உங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூடத்தில் 'எனது தந்தையின் தொழில்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மகன் 'வாடகைக்கு வான் ஓடுகிறார்' என்று எழுதினான். மகள் 'காட்டில் காற்று அளந்தார்' என்று எழுதினாள். மகளின் கொப்பியில் ரீச்சர் சிவப்புப் பேனையால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தா. ரீச்சரில் பிழை இல்லை. அந்தக் கேள்விக்குறி எனக்கும் இன்னும் அழியவில்லை.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். விளங்கினதை விளங்கினபடியும், விளங்காததை விளங்கவில்லை என்றும் எழுதுவேன். இரண்டாவதுதான் கூட இருக்கும். நான் பதினோராம் வகுப்பில், சாதாரண தரச் சோதனையோடு, படிப்பை நிறுத்தினவன். விஞ்ஞானத்தில் மட்டுமட்டாகத்தான் சித்தி பெற்றேன். அதுவும் எப்படி வந்தது என்று கேட்க வேண்டாம்.

பெற்றோல் வரிசைகள் எல்லாம் முடிந்து, ரோட்டில் திரும்ப வாகனங்கள் ஓடத் தொடங்கின காலம் அது. வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா போன் எடுத்தா. தன்னுடைய மகள் வெளிநாட்டில் படிப்பதாகவும், ஆராய்ச்சிக்காக ஊருக்கு வந்திருப்பதாகவும், இரத்மலானையில் ஒரு களஞ்சியத்தில் கிடக்கும் பெட்டிகளை இரத்தினபுரிப் பக்கம் ஒரு மழைக்காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போய், ஆறு கிழமை அங்கேயே நிற்க வேண்டும் என்றும் சொன்னா.

"தமிழ் ஆளாத்தான் வேணும் தம்பி. பிள்ளையைக் காட்டுக்குள்ள தனிய விட எனக்கு நெஞ்சு பதைக்குது. நீங்கள் கொட்டாஞ்சேனை எண்டு சொன்னாங்கள். கோயில் குளம் உள்ள ஆள்தானே?"

ஓம், கோயில் குளம் உள்ள ஆள்தான் என்று சொன்னேன். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில்தான் பிறகு எல்லாக் கரைச்சலுக்கும் காரணம் என்று அப்போது யாருக்குத் தெரியும்.

பதினொரு பெட்டி. ஒவ்வொன்றிலும் கண்ணாடிக் கிளாஸ் படம் ஒட்டியிருந்தது. ஏற்றி இறக்க எனக்குத்தான் முதுகு முறிந்தது. அந்தப் பிள்ளைக்கு இருபத்தெட்டு, முப்பது வயது இருக்கும். என்னை "அண்ணை" என்றா. நான் "மிஸ்" என்றேன். மிஸ் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டா.

"பெட்டிக்குள்ள என்ன மிஸ்? ஆஸ்பத்திரிச் சாமானோ?"

"இல்லை அண்ணை. காத்து அளக்கிற மெசின்."

"காத்தை எதால அளக்கிறது? லீட்டராலயோ, கிலோவாலயோ?"

"ரெண்டாலயும் இல்லை," என்று சிரித்தா. அன்று தொடங்கின குழப்பம்.

போகிற வழி முழுவதும் விளங்கப்படுத்தினா. மரத்து இலைகளில் வெயில் பட்டதும் அவை ஒருவித ஆவி விடுமாம். கண்ணுக்குத் தெரியாது. அதே வெயில் மேலே காற்றில் இருக்கும் வேறு சிலவற்றை உடைக்குமாம். உடைந்ததிலிருந்து ஒன்று பிறக்குமாம். அது ஒரு செக்கன் கூட இருக்காதாம். அந்த ஒரு செக்கனுக்குள் காற்றில் உள்ள அழுக்கைப் பிடித்துத் தின்று காற்றைக் கழுவிவிடுமாம்.

"ஒரு செக்கன் கூட நிக்காத சாமானை எப்பிடி மிஸ் அளப்பீங்கள்?"

"அதை நேர பிடிக்கிறது கஷ்டம். அது தின்னுறதை அளந்தா, அது எவ்வளவு இருந்திருக்கும் எண்டு கணக்குப் பண்ணலாம்."

இது எனக்கு விளங்கியது. பிஸ்கட் ரின்னில் குறைந்த பிஸ்கட்டை வைத்து, நாங்கள் வெளியே போயிருந்தபோது வீட்டில் யார் நின்றது என்று உங்கள் அம்மா கண்டுபிடிப்பா இல்லையா, அதே போல. ஆனால் அடுத்ததாக, மரம் விடுகிற ஆவியோடு வாகனப் புகை சேர்ந்து வெயிலும் பட்டால், மூச்சுக்குக் கெட்ட வாயு உண்டாகும் என்றா.

"அப்ப மரம் நல்லதோ கெட்டதோ?"

"அது உங்கட வானைப் பொறுத்தது அண்ணை."

அதற்குப் பிறகு இரத்தினபுரி வரைக்கும் நான் கேள்வி கேட்கவில்லை.

காட்டுக்குள் ஏற்கெனவே ஒரு இரும்புக் கோபுரம் நின்றது. மரங்களின் தலைக்கும் மேலே போகிற உயரம். அதில் மூன்று குழாய் கட்டினோம். ஒன்று உச்சியில், மரங்களுக்கு மேலே. ஒன்று நடுவில், கொப்புகளுக்குள். மற்றது அடியில், என் நெஞ்சு மட்டத்தில். மூன்றும் கோபுரத்தடியில் இருந்த சின்ன அறைக்குள் வரும். அங்கே மெசின் காற்றை உறிஞ்சி எடுத்து, ஸ்கிரீனில் கோடு கோடாகக் காட்டும். உச்சியில் இன்னொன்றும் வைத்தோம். கவிழ்த்து வைத்த கண்ணாடிக் குவளை போல ஒன்று. அது வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும். மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்று எண்ணும்.

ஜெனரேட்டரை மூன்று லைட் கம்பத் தூரத்துக்கு அப்பால் வைத்து வயர் இழுத்தோம். என் வான் அறைக்குப் பக்கத்திலேயே நின்றது, ஆனால் மிஸ் சொன்னால் தவிர ஸ்டார்ட் பண்ணக் கூடாது. கடைக்குப் போவதென்றால் பங்களாக் காவல்காரரின் சைக்கிளில் போக வேண்டும். நான் வானுக்குள் படுத்து மெசினுக்குக் காவல். மிஸ் அரைக் கட்டைத் தூரம் கீழே பங்களாவில் தங்கி, காலையில் ஏழு மணிக்கு வருவா.

சட்டதிட்டம் நிறைய. சிகரெட் கூடாது. நுளம்புத்திரிப் புகை கூடாது. பவுடர், சென்ட், தைலம் எதுவும் கூடாது. அட்டைக்கு நான் காலில் சவர்க்காரம் பூசினேன். எலுமிச்சை வாசம் வருகிறது, அதுவும் கூடாது என்றா. உப்புக்கு மாறினேன். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன், எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

நம் வானை வாங்கின நாளிலிருந்து, பதினொரு வருஷமாக, காலையில் ஆறு மணிக்கு அதன் முன்சில்லுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். காட்டிலும் அதே. ஒரு ஓட்டுத் துண்டில் வைத்து ஏற்றுவேன். வெள்ளிக்கிழமைகளில் வானுக்கு ஏற்றிவிட்டு, முகம் கழுவி, அறை வாசலில் அந்தப் பெட்டிகளுக்கும் ஒன்று ஏற்றினேன். அவையும் மெசின்தானே.

காவல்காரர் சிங்களவர், என்னைவிட வயது கூடினவர். நான் அவரை "அய்யே" என்பேன், அவர் என்னை "மல்லி" என்பார், அண்ணன் தம்பி மாதிரி. அவர் ஒருநாள் வெள்ளெனவே பாலோடு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஸ்டார்ட் பண்ணக் கூடாத வானுக்கு என்ன மல்லி கும்பிடு? அது எங்கே போகப் போகுது?"

"போகாட்டியும் இருக்குதுதானே, அய்யே."

மிஸ் சொன்ன தடைகளில் கற்பூரம் இல்லை. நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. புகை என்றா, வாசம் என்றா. கற்பூரம் அந்த இரண்டிலும் என் புத்திக்குச் சேரவில்லை. அது சாமிக் காரியம். எரிந்தால் மிச்சம் மீதி ஒன்றும் இராது, சாம்பல் கூட இராது, அதனால்தான் சாமிக்கு ஏற்றுகிறோம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்தவன் நான். மிஸ் ஏழு மணிக்கு வரும்போது ஓட்டுத் துண்டு வெறுமையாக இருக்கும். அவவுக்கும் தெரிய வழியில்லை.

இரண்டாம் கிழமை முடிந்த சனிக்கிழமை, மெசினுக்கு வேண்டிய வாயுச் சிலிண்டரை மாற்றுவதற்காகக் கொழும்புக்கு வந்தோம். ஞாயிறு பின்னேரம் திரும்பும்வரை மெசினை நிறுத்திவைத்தோம். காவல்காரர் பார்த்துக்கொண்டார். வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில் அவர்களின் வீடு. அந்த அம்மா உழுந்து வடையும் பிளேன்ரீயும் கொண்டுவந்து வைத்தா. மிஸ் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினா. முகம் அப்படி மலர்ந்திருந்ததை நான் அதற்கு முன் பார்க்கவில்லை.

"இஞ்ச பாருங்கோ அண்ணை. மற்றக் கோடுகள் எல்லாம் வெயில் ஏற ஏறத்தான் ஏறும். இந்த ஒரு கோடு மட்டும் வெயிலுக்கு முன்னமே எழும்புது. விடிய ஆறு மணிக்கு, டக்கெண்டு ஒரு மேடு. அடிக் குழாயில முதல், பிறகு நடுக் குழாயில கொஞ்சம். உச்சிக்குப் போகேக்க காணாமப் போயிடுது. அப்ப இது நிலத்தில இருந்து வருது. வெயிலே இல்லாம!"

"அது என்ன சாமான் மிஸ்?"

"மெசின் பேர் சொல்லாது. நிறையை மட்டும்தான் சொல்லும். வாசமான மரங்களில இருக்கிற ஒரு சாமானின்ர நிறை. அங்க சுத்திவரக் காட்டுக் கறுவா நிக்குதெல்லோ, அதின்ர வேரில இருந்து வரலாம் எண்டு நினைக்கிறன். என்ர பேராசிரியருக்குச் சந்தோஷம் தாங்கேலாமக் கிடக்கு. வாற வெள்ளிக்குள்ள ஒரு சின்ன அறிக்கை கேட்டிருக்கிறார். அவர் அதை ஒரு கூட்டத்தில வாசிப்பார். என்ர படிப்பில இதுதான் முக்கியமான அத்தியாயமா வரும், அம்மா!"

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தா. மிஸ் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னா.

"ஒண்டு மட்டும் விளங்கேல்லை. வியாழக்கிழமை இருபது நிமிசம் பிந்தி எழும்பியிருக்கு. வெள்ளிக்கிழமை ரெண்டு மேடு. போன வெள்ளியும் ரெண்டு."

"மரத்துக்கும் வெள்ளிக்கிழமை தெரியுமோடி?" என்று அம்மா சிரித்தா.

எனக்கு வடை தொண்டையில் நின்றுவிட்டது. வியாழக்கிழமை என் நெருப்புப்பெட்டி மழையில் நனைந்து, பங்களாவுக்கு ஓடிப்போய் வேறு பெட்டி வாங்கிவந்து ஏற்றினேன். இருபது நிமிசம் பிந்தித்தான். அம்மா என் முதுகில் தட்டி, "தண்ணி குடியுங்கோ தம்பி, ஆறுதலாச் சாப்பிடுங்கோ," என்றா.

அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை என்று பல தரம் யோசித்திருக்கிறேன். ஒன்று, பயம். அதை மறைக்க மாட்டேன். மற்றது, எனக்கு உண்மையிலேயே நிச்சயமில்லை. மிச்சமே இல்லாமல் எரிகிற ஒன்றை அந்த மெசின் எப்படி எண்ணும்? இல்லாததை எண்ணுகிற மெசினா அது? ஒருவேளை மரங்களும் ஆறு மணிக்கு ஏதோ செய்கின்றனவோ, நானும் அதே நேரத்தில் ஏற்றுகிறேனோ? ஆனால் வெள்ளிக்கிழமை?

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். மகள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், சாப்பிடவில்லை என்று நீதான் கண்டுபிடித்தாய். ஒரு ஆள் ஒன்று செய்கிறார், வேறு எங்கோ ஒன்று நடக்கிறது, இது அதனால்தான் நடக்கிறது என்று எப்படித் தெரியும் என்று சும்மா கேட்பது போல உன்னைக் கேட்டேன்.

"ஒருநாள் செய்யாம விட்டுப் பாருங்கோ அப்பா," என்றாய், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே.

திங்கட்கிழமை நான் ஏற்றவில்லை. பதினொரு வருஷத்தில் முதல் தரம். ஆறு மணிக்கு வானுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரோ கதவைத் தட்டத் தட்டத் திறக்காமல் வீட்டுக்குள் இருப்பது போல இருந்தது.

மிஸ் ஏழு மணிக்கு வந்து ஸ்கிரீனைப் பார்த்தா. பெரிய மேட்டைக் காணவில்லை. ஆனால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு மேடு இருந்தது. முன்பு ஒரு விரல் உயரத்துக்கு இருந்தது, இப்போது நகக்கணு அளவு. நான் ஏற்றவில்லை, அப்படியிருக்க அது எங்கிருந்து வந்தது? இதற்கு மகள் ஒன்றும் சொல்லித் தரவில்லையே என்று நினைத்தேன்.

எனக்குப் புதுக் குழப்பம். மிஸ்ஸுக்கு அதைவிடப் பெரிய குழப்பம். மெசின் பழுது என்று முடிவெடுத்தா. வடிகட்டியை மாற்றினா. அன்றே இரண்டு தரம் கோபுரத்தில் ஏறி இறங்கினா. செவ்வாய்க்கிழமையும் நான் ஏற்றவில்லை, செவ்வாயும் அதே சின்ன மேடு. அடிக் குழாயின் வெளித்துண்டைக் கழற்றிப் புதுத்துண்டு பூட்டினா. புதன்கிழமை மழைக்குள், காலில் அட்டை தொங்கத் தொங்க, நடுக் குழாயைக் கழுவினா. மத்தியானச் சோற்றுப் பார்சல் அவிழ்க்காமல் கிடந்தது. நான் கீழே நின்று பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணை, நீங்கள் இரவில வானை ஸ்டார்ட் பண்ணினனீங்களோ?" என்று மேலிருந்து கேட்டா.

"இல்லை மிஸ்."

அது உண்மை. உண்மையைச் சொல்லியே பொய்க்காரனாக நிற்கலாம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பின்னேரம் காவல்காரரிடம் சொல்லிவிட்டேன். சிங்களத்தில் சொல்வது எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி சாரத்தில் ஊற்றுப்பட்டது.

"அப்போ மிஸ் வெளிநாட்டுக்கு எழுதி அனுப்பப் போறது உன்ட தெய்யோவை, சாமியைப் பத்தியா, மல்லி?"

"சிரிக்காதீங்க அய்யே. நான் என்ன செய்யிறது?"

சாரத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பை நிறுத்தினார். "இன்னும் ரெண்டு நாள் விட்டியென்றால் அந்தப் பிள்ளை மெசினை ஆணி ஆணியாகக் கழட்டிப் போடும். போ. போய்ச் சொல்லு. நாளைக்குக் காலையிலே சொல்லு, சாப்பிட முதல் சொல்லு."

வியாழக்கிழமை ஏழு மணி. மிஸ் அறைக்குள் வந்து கதிரையில் இருக்குமுன்னமே, கற்பூரப் பெட்டியை மேசையில் வைத்தேன்.

"என்ன அண்ணை இது?"

"நான் ஒவ்வொரு நாளும் விடிய ஆறு மணிக்கு வானடியில இதை ஏத்தினனான் மிஸ். வெள்ளிக்கிழமை ரெண்டு. அந்த வியாழக்கிழமை நெருப்புப்பெட்டி நனைஞ்சு போச்சு. இந்தத் திங்கள்ல இருந்து ஏத்தேல்லை."

அவ பெட்டியைப் பார்த்தா. ஸ்கிரீனைப் பார்த்தா. திரும்பப் பெட்டியை எடுத்து மூடியைத் திறந்து மணந்தா. பிறகு கண்ணை மூடிக்கொண்டா.

"கடவுளே. கற்பூரம்."

"நீங்கள் புகை கூடாது எண்டுதான் சொன்னீங்கள். இது மிச்சம் ஒண்டும் இல்லாம எரியிற சாமான் எண்டு..."

"எரியிறதுக்கு முதலே கொஞ்சம் ஆவியாப் போயிடும் அண்ணை. உங்களுக்கு வாசம் வருதெல்லோ?"

"ஓம்."

"அந்த வாசம் என்ன எண்டு நினைச்சீங்கள்?"

நாற்பத்து மூன்று வயது வரைக்கும் தினமும் கற்பூரம் மணந்திருக்கிறேன். ஒன்றுமில்லாமல் போகிறது என்றால் மூக்குக்குள் வருவது என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

மிஸ் எழும்பி வெளியே போய்க் கோபுரத்தின் முதல் தட்டில் ஏறி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தா. நான் கீழே நின்றேன். திரும்பாமலே கதைத்தா.

"கொளுத்தினதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. அது உங்களுக்குத் தெரியாது. சனிக்கிழமை வீட்டில வச்சு உங்களுக்குத் தெரிஞ்சிட்டுது, என்ன? அதுதான் வடை புரையேறினது."

"ஓம் மிஸ்."

"பிறகு திங்கக்கிழமை எனக்குச் சொல்லாம நிப்பாட்டியிருக்கிறீங்கள். நான் மூண்டு நாளா அந்தக் குழாயோட மல்லுக்கட்டினன். நீங்கள் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டீங்கள்."

பிள்ளையள், இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஏற்றினது தெரியாமல் செய்தது. நிறுத்தினது தெரிந்து செய்தது. நான் பிழையைத் திருத்துகிறேன் என்று நினைத்துத்தான் நிறுத்தினேன். ஆனால் அதையும் ஒளித்துச் செய்தேன்.

"நான் போகட்டோ மிஸ்? வேற டிரைவரைப் பாப்பமோ?"

"எங்க போறது? இறங்கி வாறன், நில்லுங்கோ. எனக்கு முழு விபரமும் வேணும்."

வந்து பதிவுப் புத்தகத்தைத் திறந்தா. கேள்விக்கு மேல் கேள்வி. எத்தனை கட்டி? முழுக் கட்டியா, உடைத்ததா? எந்த இடம்? குழாயிலிருந்து எத்தனை அடி? எவ்வளவு நேரம் எரியும்? சுடர் எந்தப் பக்கம் சாயும்? கும்பிடும்போது சுடரைப் பார்க்கிறவனுக்கு அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியத்தானே வேணும் என்றா. தெரிந்தது. மலைப்பக்கமிருந்து பள்ளத்துப் பக்கமாகச் சாயும். சொன்னேன். நான் சொன்ன எதையும் அவ்வளவு கவனமாக யாரும் எழுதிக்கொண்டதில்லை.

"அப்ப அந்தச் சின்ன மேடு என்ன மிஸ்? நான் ஏத்தாமலே வந்தது?"

பேனையை வைத்துவிட்டா. "அதுதான் எனக்கும் விளங்கேல்லை. ரெண்டு கிழமையா ஏத்தின உங்கட கற்பூரம் குழாய்க்குள்ள ஒட்டியிருந்து மெல்ல மெல்ல வரலாம். வெளித்துண்டுதான் மாத்தினன், உள்துண்டு பழசு. இல்லாட்டி நான் முதல் சொன்ன காட்டுக் கறுவாவா இருக்கலாம். அதின்ர வேர்ப் பட்டையிலயும் கற்பூரம் இருக்கு அண்ணை. உங்கட பெட்டியில இருக்கிற அதே சாமான்."

"மரத்துக்குள்ளயோ?"

"மரத்துக்குள்ளதான்."

அப்படியென்றால் காடும் ஏற்றுகிறது, நானும் ஏற்றுகிறேன், எது யாருடையது என்று மெசினுக்குத் தெரியாது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, அறிக்கை அனுப்ப வேண்டிய நாள். மிஸ் ஐந்தே முக்காலுக்கே ரோர்ச் லைட்டோடு மேலே வந்துவிட்டா. நான் வழக்கமாக ஏற்றுகிற அதே இடத்தில், அதே ஓட்டுத் துண்டில், அதே அளவு கட்டி வைக்கச் சொன்னா. தான் அறைக்குள் ஸ்கிரீனுக்கு முன்னால் இருந்துகொண்டு கதவால் எட்டிப் பார்த்தா. காவல்காரரும் வேடிக்கை பார்க்க வந்து, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக நிற்கச் சொல்லி அவ துரத்தத் துரத்தத் தள்ளித் தள்ளிப் போய் நின்றார்.

"ஆறு மணி ரெண்டு நிமிசம். கொளுத்துங்கோ அண்ணை."

கொளுத்தினேன். கை என்னை அறியாமல் கூப்பப் போனது. பாதியில் நிறுத்தினேன். இது கும்பிடா, பரிசோதனையா என்று தெரியவில்லை.

"மிஸ், கும்பிடலாமோ?"

"கும்பிடுங்கோ. அது மெசினில விழாது."

கும்பிட்டேன். நான்கு நாளுக்குப் பிறகு. என்ன கேட்பதென்று தெரியவில்லை. மேடு வரட்டும் என்று கேட்டால் அவவின் அத்தியாயம் போய்விடும். வராமல் இருக்கட்டும் என்று கேட்டால் அவவின் குழப்பம் தீராது. இரண்டையும் கேட்காமல் சும்மா நின்றேன். சுடர் பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. காடு விடியாமல் கறுப்பாக நின்றது. உச்சியில் வைத்த கண்ணாடிக் குவளைக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரியத் தொடங்கியிருக்கும்.

"எழும்பிட்டுது," என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. சந்தோஷமும் இல்லை, கவலையும் இல்லை அந்தக் குரலில். "அதே மேடு. அதே உயரம்."

எட்டு மணியளவில் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினா. எழுதினதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினா. காலை ஆறு மணி மேடு கள உதவியாளர் ஏற்றிய கற்பூரம் என்று பரிசோதித்து உறுதிப்படுத்தியாயிற்று. சின்ன மேடு என்னவென்று தெரியவில்லை. கூட்டத்தில் எதையும் வாசிக்க வேண்டாம். இவ்வளவும்தான். அனுப்பிவிட்டு லப்டொப்பை மூடி, அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தா. நான் பங்களாவுக்குப் போய் முதல்நாள் தேங்காய்ச் சம்பலும் பாணும் கொண்டுவந்து வைத்தேன். சாப்பிட்டா. ஐந்து நாளுக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"கள உதவியாளர் எண்டது நானோ மிஸ்?"

"வேற ஆர்? டிரைவர் கற்பூரம் கொளுத்தினார் எண்டு எழுதினா, டிரைவருக்கு அங்க என்ன வேலை எண்டு கேப்பாங்கள்."

மிச்ச மூன்று கிழமையும் ஆறு மணிக்கு நான் கீழே இறங்கி, ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைக்கும் அப்பால், காற்று எதிர்ப்பக்கம் போகிற ஒரு வளைவில் ஏற்றினேன். வான் இல்லாமல், வான் நிற்கிற திசையைப் பார்த்து. ஏற்றின நேரத்தையும், மழையா வெயிலா என்பதையும், காற்று எந்தப் பக்கம் என்பதையும், பதிவுப் புத்தகத்தில் என் கையெழுத்தில் தமிழில் எழுத வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தா. ஒவ்வொரு நாளும் எழுதினேன். அந்தச் சின்ன மேடு சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. மழைக்கு அடுத்த நாள் வருகிறது என்று நான் நினைத்தேன். அடுத்த மழைக்கு வரவில்லை.

பெட்டிகளைத் திரும்ப இரத்மலானையில் இறக்கினபோது மிஸ் சொன்னா, "உள்துண்டையும் கொண்டு போறன். அங்க வச்சுப் பாக்கிறன்." அவ்வளவுதான். போய்விட்டா.

இப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஆறு மணிக்கு ஏற்றும்போது, துறைமுகத்துக்குப் போகிற லொறிகள் சந்தியில் புகை கக்கிக்கொண்டு நிற்கின்றன. வெயில் மாடிகளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது. இந்த வாசமும் அந்தப் புகையும் அந்த வெயிலும் சேர்ந்து மேலே என்ன செய்கின்றன என்று நிமிர்ந்து பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. நான் நல்லது செய்கிறேனா கெட்டது செய்கிறேனா என்று மிஸ்ஸைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கட்டியில் ஒன்றும் வராது என்று சொல்லியிருப்பா. ஆனால் ஒரு கட்டியில் என்ன வந்தது என்று நான் கண்ணால் கண்டவன்.

போன மாதம் வெளிநாட்டிலிருந்து போன் வந்தது.

"அண்ணை, உள்துண்டைச் சோதிச்சன். உங்கட கற்பூரம் ஒட்டியிருந்தது உண்மைதான். ஆனா அது மட்டும் அந்தச் சின்ன மேட்டுக்குப் போதாது. கறுவாவும் இருக்கலாம். இன்னும் தெரியேல்லை. திரும்ப வரவேணும் போல கிடக்கு."

"வாங்கோ மிஸ். வான் நிக்குது."

"அதுக்கு முதல் ஒண்டு. உங்கட பதிவுகளைக் கொம்பியூட்டரில ஏத்திக்கொண்டிருக்கிறன். நேரம் ஒரு நிரல், மழை ஒரு நிரல், காத்து ஒரு நிரல். நாலாம் கிழமை ஒரு நாள், 'மழை. ஏற்றவில்லை. மனம் சரியில்லை' எண்டு எழுதியிருக்கிறீங்கள். மனம் சரியில்லை எண்டதை நான் எந்த நிரலில போடுறது?"

"ஐயோ, அதை விட்டுடுங்கோ மிஸ். அது தெரியாம எழுதினது."

"விடேலாது அண்ணை," என்றா. "புத்தகத்தில எழுதினதை நான் அழிக்க மாட்டன். அதுக்கு ஒரு நிரல் போட்டிருக்கிறன். மற்ற நாள் எல்லாம் வெறுமையாக் கிடக்கு. யோசிச்சு நிரப்பித் தாங்கோ."

அதைத்தான் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறேன்.